'25 வருடம் கழித்து ஒரு சாதாரண நாள்': தங்கை எழுதியது ஐந்தே வரி. இது பக்குவமா, மனம் விட்டுப்போனதா?

மூத்தவன்27 கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு வயது 17. வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். '25 வருடம் கழித்து உன் வாழ்க்கையில் ஒரு சாதாரண நாள்' என்று தலைப்பு. போன வாரம் அவள் மேசையில் பேனா தேடப் போனபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. படித்திருக்கக் கூடாதோ என்னவோ, படித்துவிட்டேன். ஒரு முழுப் பக்கம் கேட்டிருந்தார்கள், அவள் எழுதியிருந்தது ஐந்து வரி.

'எனக்கு ஒரு அறை இருக்கும். அதில் ஜன்னல் இருக்கும். அலாரம் வைக்காமல் தூங்குவேன். யாரும் போன் செய்ய மாட்டார்கள். வாடகையை எப்படியோ கட்டிவிடுவேன்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே இரண்டு வரி எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 'வேலை' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

அவள் சோகமான பிள்ளை இல்லை. நன்றாகப் படிக்கிறாள், தோழிகளோடு சிரித்துப் பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள். அதனால்தான் இந்த ஐந்து வரி என்னை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது. அவள் வயதில் என்னிடம் ஒரு பெரிய பட்டியல் இருந்தது: சொந்த வீடு, கார், வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம், எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவைவிட ஒரு படியாவது உயர வேண்டும் என்பது. இன்று 27 வயதில் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட நடக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் கேட்கவாவது செய்தேனே. இவள் கேட்கவே இல்லை.

வீட்டில் சொன்னால் 'விரலுக்கேற்ற வீக்கம் போதும், நல்ல பிள்ளை' என்கிறார்கள். 17 வயதில் ஒரு பிள்ளை தன் விரலை அளந்து பார்க்கிறதே, அதுதான் எனக்கு வலிக்கிறது. இப்போது வளர்கிறவர்கள் எல்லோருமே வருங்காலத்திடம் இவ்வளவு குறைவாகத்தான் எதிர்பார்க்கிறார்களா? நான் அவளிடம் ஏதாவது பேச வேண்டுமா, பேசினால் என்ன பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

நண்பரே, உங்கள் தங்கையின் ஐந்து வரியைவிட உங்கள் பட்டியலில் எனக்குக் கேள்வி இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

'அப்பாவைவிட ஒரு படி மேலே' என்பதை நாம் எல்லோரும் இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். அது விதி இல்லை, ஒரு காலகட்டம். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1940-இல் பிறந்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர், சுமார் 30 வயதில், தங்கள் பெற்றோர் அதே வயதில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும். 1980-களில் பிறந்தவர்களுக்கு வரும்போது அது 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இதில் முக்கியமாக நான் நினைப்பது காரணத்தை: பொருளாதாரம் மெதுவாக வளர்ந்தது ஒரு சிறு பங்குதான், வளர்ந்தது யார் கைக்குப் போனது என்பதுதான் பெரும்பங்கு.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே கதையை வேறு பக்கமிருந்து சொல்கிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் பிறந்த தலைமுறையில், இருபதுகளில் இருந்தபோதே கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் நடுத்தர வருமான வீடுகளில் இருந்தார்கள். மில்லேனியல் தலைமுறைக்கு, அதாவது ஏறக்குறைய 1980-களிலும் 90-களிலும் பிறந்தவர்களுக்கு, அது 60. வீடு, படிப்பு, மருத்துவம் இவற்றின் செலவு சம்பளத்தைத் தாண்டி ஓடியதுதான் காரணம் என்கிறார்கள். டிவி, போன், உடுப்பு எல்லாம் மலிவாகிக்கொண்டே போகிறது. தலைக்கு மேல் கூரை மட்டும் கைக்கு எட்டாமல் போகிறது. அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு பெண் 'எனக்கு ஒரு அறை இருக்கும்' என்று எழுதினால் அது சின்ன ஆசை இல்லை நண்பரே. எது விலை உயர்ந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1930-இல் கெய்ன்ஸ் என்ற பொருளாதார மேதை, நூறு வருடம் கழித்து வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயர்ந்திருக்கும், மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று கணித்தார். முதல் பாதி வளர்ந்த நாடுகளில் ஏறக்குறைய பலித்துவிட்டது. இரண்டாம் பாதி பலிக்கவே இல்லை. உங்கள் தங்கை கேட்பது அந்தப் பலிக்காத பாதியைத்தான்: அலாரம் இல்லாத தூக்கம், போன் வராத நேரம். எனக்கு அந்தப் பக்கம் தோல்வியாகத் தெரியவில்லை. அவளைத் திருத்தப் போகாதீர்கள்.

---

வகுப்பறை_அக்கா:

நான் 14 வருடமாகப் பதினாறு முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். இந்த மாதிரிப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை சொன்னது எனக்குப் பிடித்தது, ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து வரியில் நிற்கிற பக்கங்களில் இரண்டு வகை உண்டு. யோசித்துப் பார்த்துவிட்டு 'இது போதும்' என்று நிறுத்துகிறவர்கள் ஒரு வகை. அதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் நிறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆசைப்படுவதே ஒரு திறன், அதற்கும் பழக்கம் வேண்டும் என்று சொல்கிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம் கிடைத்துவிடுகிறது: ஒன்றை முயற்சி செய்து பார்க்கலாம், தவறினால் வேறு வழியில் போகலாம், யாரைக் கேட்டால் தெரியும் என்ற விவரம் எல்லாம் சுற்றியிருப்பவர்களைப் பார்த்தே வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு 'இங்கே' தெரியும், 'அங்கே' தெரியும், நடுவில் இருக்கிற வழி தெரியாது. பொருளாதார அறிஞர் தேப்ராஜ் ரே இதோடு ஒன்று சேர்க்கிறார். நாம் நம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் ஆசையை வளர்த்துக்கொள்கிறோம். இருக்கிற இடத்துக்கும் ஆசைப்படுகிற இடத்துக்கும் இடைவெளி ரொம்பச் சின்னதாக இருந்தாலும் முயற்சி வராது, ரொம்பப் பெரிதாக இருந்தாலும் வராது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் 'விமானத்துறை' என்று ஒரே சொல் எழுதிக் கொடுத்தான். "சரி, அந்த வேலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?" என்று கேட்டேன். பதிலே இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவமானப்பட்டுவிட்டானோ என்று எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. தெரிந்தவர் மூலமாக விமானப் பராமரிப்பில் வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து போனில் பேச வைத்தேன். 40 நிமிடம் பேசினான். எந்த நேரத்தில் ஷிஃப்ட், கண்ணாடி போட்டிருந்தால் சேர்ப்பார்களா, முதல் வருடம் எந்தக் கருவியைக் கையில் கொடுப்பார்கள், தப்பு செய்தால் யார் பொறுப்பு என்று அவன் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். அடுத்த வாரம் அதே தலைப்பில் இரண்டு பக்கம் எழுதினான். அவன் ஆசை அப்படியேதான் இருந்தது. வழி மட்டும் தெரிய ஆரம்பித்திருந்தது.

அதனால் தம்பி, அவளிடம் போய் 'பெரிதாகக் கனவு காண்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர், படிப்பை முடிக்கப் போகிற பட்டதாரிகளிடம் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தார், 2002-இல் அந்த ஆய்வு வெளியானது. 'கிடைக்க வாய்ப்பு இருக்கிறது' என்று நிதானமாக எதிர்பார்த்தவர்கள் நன்றாக வந்திருந்தார்கள். கிடைத்துவிட்ட மாதிரியே இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை வாய்ப்பும் குறைவாக வந்தது, சம்பளமும் குறைவாக இருந்தது. எதிர்பார்ப்பு வேறு, பகல்கனவு வேறு. செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அவள் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

---

பழைய_பேட்ச்:

தம்பி, எனக்கு 53 வயது. இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் படித்து முடித்த வருடம் யாரும் ஆள் எடுக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு கிடங்கில் இரவுக் கணக்கு எழுதினேன். பெட்டிகளை எண்ணுவேன், நோட்டில் எழுதுவேன், காலையில் இன்னொருவர் வந்து அதே பெட்டிகளை எண்ணி என் கணக்கைச் சரிபார்ப்பார். என் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன். பின்னாளில்தான் தெரிந்தது, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்று. கனடாவில் மந்தமான காலத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களின் சம்பளத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவு, ஐந்து வருடத்தில் அது பாதியாகிறது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மீண்டு வந்தவர்கள் பெரும்பாலும் சின்ன நிறுவனத்திலிருந்து நல்ல நிறுவனத்துக்கு மாறி மாறித்தான் வந்தார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. என்னோடு அதே கிடங்கில் இருந்தவர்களில் மாறிப் போக வசதியில்லாதவர்கள், வீட்டுக் கடனை அடைக்க வேண்டியிருந்தவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த ஆய்வும் அதையே சொல்கிறது, பின்தங்கியவர்களுக்கு அடி ஆறுவதில்லை. பத்து வருடம் என்பதும் சின்னக் காலம் இல்லை, ஒருவனுடைய இளமை முழுக்க அதில் போய்விடும்.

இரண்டாவது, உங்கள் பட்டியல். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பேரிடம் வருடா வருடம் இரண்டு கேள்வி கேட்டு வந்தார்கள்: இப்போது வாழ்க்கை எவ்வளவு திருப்தி, ஐந்து வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று. அதை வைத்து ஹன்னஸ் ஷ்வாண்ட் என்ற பொருளாதார அறிஞர் 2016-இல் எழுதினார். இளம் வயதினர் தொடர்ந்து அதிகமாகக் கணிக்கிறார்கள், ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த அளவுக்கு வந்திருப்பதில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியவர்கள் குறைவாகக் கணிக்கிறார்கள், அதைவிட நன்றாகவே இருக்கிறார்கள். நடுவில் நாற்பதுகளில் இருக்கிறவன்தான் ரொம்ப நொந்துபோகிறான், ஏமாற்றமும் சேர்ந்திருக்கிறது, இனி ஒன்றும் வராது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 27-இல் உங்களுக்கு இருக்கிற வலி எனக்கு நன்றாகப் புரிகிறது. என் 27 வயதுப் பட்டியலில் இல்லாதவைதான் இன்று என்னைத் தாங்குகின்றன. வலிக்காத முழங்கால், ஞாயிற்றுக்கிழமை காரணமில்லாமல் போன் செய்கிற பழைய நண்பன், இந்த இரண்டையும் அன்று நான் எழுதவே இல்லை.

---

நிலா22:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது, இதுவரை எழுதியவர்களில் தங்கையின் வயதுக்கு நான்தான் பக்கம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆய்வுகள் எல்லாம் சரி. ஆனால் கட்டுரை கேட்பது 25 வருடம் கழித்து. ஐந்து வருடக் கணிப்பை வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறீர்கள். 25 வருடம் கழித்து வெயில் எப்படி இருக்கும், தண்ணீர் இருக்குமா என்பதை யாராவது பேசினீர்களா? 2021-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழுமத்தைச் சேர்ந்த இதழ் ஒன்றில் 10 நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் எடுத்த ஆய்வு வந்தது. பருவநிலை மாற்றம் பற்றி 59 சதவீதம் பேர் மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுகிறோம் என்றார்கள். எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றவர்கள் 75 சதவீதம். அந்தக் கவலை அன்றாட வேலையையே பாதிக்கிறது என்று 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். படிக்கிறது, தூங்குகிறது, விளையாடுகிறது எல்லாம் இதில் சேரும். இது எங்களுடைய மனக்கோளாறு இல்லை. 'எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்' என்று யார் சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் சரிசெய்ய வேண்டியது வேறு எங்கோ இருக்கிறது.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன். எங்களை நம்பிக்கை இழந்த தலைமுறை என்று எழுதுகிறார்கள் இல்லையா, அது முழு உண்மை இல்லை. அதே 2021-இல் யூனிசெஃப் 21 நாடுகளில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடமும் 40 தாண்டியவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டது. உலகம் ஒவ்வொரு தலைமுறைக்கும் மேம்பட்டுக்கொண்டு வருகிறது என்று நம்பியவர்கள் பெரியவர்களைவிட இளைஞர்களில்தான் அதிகம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பணக்கார நாடுகளில் நம்பிக்கை குறைவாகவும் ஏழை நாடுகளில் அதிகமாகவும் இருந்தது. இந்தப் பக்கம் பியூ ஆய்வு மையம் 2024-இல் 36 நாடுகளில், இன்றைய குழந்தைகள் வளரும்போது பெற்றோரைவிடப் பொருளாதாரத்தில் மோசமாக இருப்பார்களா என்று கேட்டது. நாடுகளை வரிசைப்படுத்தி நடுவில் வருகிற மதிப்பை எடுத்தால் 57 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். யாரிடம் கேட்டார்கள்? வயது வந்தவர்களிடம். அப்படியானால் இந்தச் சோகம் முதலில் யாருடையது? வீட்டில் யார் பேசி எங்கள் காதில் விழுகிறது?

மூத்தவன் அண்ணா, ஒன்று கேட்கிறேன். 'அலாரம் வைக்காமல் தூங்குவேன், யாரும் போன் செய்ய மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாள். உங்கள் வீட்டில் அலாரம் யாருக்கு அடிக்கிறது? போன் யாருக்கு வருகிறது?

---

கணக்குப்பிள்ளை:

நிலா, நீங்கள் சொன்ன பருவநிலை விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை, நான் விட்டது தப்பு. ஒன்றே ஒன்று. 1990-இல் உலகத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 93 குழந்தைகள் ஐந்து வயதுக்கு முன்பே இறந்தார்கள், 2022-இல் அது 37. அது தானாக நடக்கவில்லை, தடுப்பூசி போட்டவர்களும் தண்ணீரைச் சுத்தம் செய்தவர்களும் செய்து முடித்த வேலை. உங்கள் கோபத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கோபப்பட்டவர்கள் வேலை செய்ததால்தான் அந்த எண் இறங்கியது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

---

வகுப்பறை_அக்கா:

நிலா கேட்ட கேள்வியை 14 வருடத்தில் நான் ஒரு பெற்றோரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

உலக சுகாதார அமைப்பு வாழ்க்கைத்தரத்துக்குக் கொடுத்த விளக்கத்திலேயே 'எதிர்பார்ப்பு' என்ற சொல் இருக்கிறது. ஒருவர் தன் இலக்கு, எதிர்பார்ப்பு, அளவுகோல், கவலை இவற்றோடு வைத்துப் பார்த்துத் தன் வாழ்க்கை எங்கே நிற்கிறது என்று தானே உணர்வதுதான் வாழ்க்கைத்தரம் என்கிறார்கள். அந்த அளவுகோலைப் பிள்ளை எங்கிருந்து எடுக்கும்? பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துத்தானே.

---

மூத்தவன்27:

நிலா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் வருகிறேன், மன்னிக்கவும்.

அலாரமும் போனும் என்னுடையவைதான். எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அப்பா அம்மா, இன்னொன்றில் நடுவில் ஒரு அலமாரியைத் தடுப்பாக வைத்து அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஜன்னல் என் பக்கம் இருக்கிறது. இதை இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. என் வேலையில் வேறு நேர மண்டலத்து ஆட்களோடு பேச வேண்டும், இரவு ஒரு மணிக்கும் போன் வரும். அப்புறம் காலை ஐந்தரைக்கு அலாரம். போனை வைத்துவிட்டு நான் புலம்புவேன், 'இந்தச் சம்பளத்துக்கு இந்த உயிர் போகிற வேலை', 'எந்த ஜென்மத்தில் வீடு வாங்குவது' என்று. அலமாரிக்கு அந்தப் பக்கம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன், தாளைப் படித்துவிட்டேன் என்று. முதலில் கோபப்பட்டாள், நியாயம்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அக்கா சொன்ன மாதிரி, "அந்த அறையில் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாய்?" என்று கேட்டேன். "பத்து மணிக்கு நான் அறையில் இருக்க மாட்டேன், வெளியே போயிருப்பேன்" என்றாள். எங்கே என்றால், கிணறு, ஏரி, குழாய் என்று போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிப்பாளாம். பாட்டிலில் தேதி, இடம், நேரம் எழுதி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் எடுத்ததே வீண் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். வேதியியல் செய்முறை வகுப்பில் ஒரு நாள் அதைச் செய்து பார்த்திருக்கிறாள், அன்றிலிருந்து இந்த யோசனையாம். ஒரு வருடமாக எனக்குத் தெரியாது.

அடித்துப் போட்ட இரண்டு வரி அதுதான். "ஏன் அடித்தாய்?" என்று கேட்டேன். "நீயும் பிடித்துத்தானே அந்த வேலையில் சேர்ந்தாய்" என்றாள். சேர்ந்த அன்று வீடு முழுக்க நான் குதித்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

எனக்குப் பதில் வரவில்லை. வேலை கெட்டது இல்லை, நேரம்தான் கெட்டது என்று ஏதோ சொன்னேன், அது பாதி உண்மைதான். இப்போதைக்குச் செய்திருப்பது இவ்வளவு: இரவு போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறேன். அலமாரியை நகர்த்தி ஜன்னல் இருக்கிற பக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். பகல் ஷிஃப்ட் கேட்டு மேலாளருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஒரு உதவி வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அவளோடு ஒரு அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம், சலிப்பு, சம்பளம், வெயிலில் அலைச்சல் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னால் போதும். கேள்விகளை அவள் எழுதி வைத்திருக்கிறாள், இதுவரை ஒன்பது.

---

பழைய_பேட்ச்:

கிடங்கில் என்னோடு பெட்டி எண்ணியவர்களில் ஒருவர் பிறகு மேலே படித்து நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார், 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. நேற்று இரவே பேசிவிட்டேன். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் மாதிரி எடுக்கப் போகிற நாளில் பேச முடியாது, மாலை ஆறு மணிக்கு மேல்தான் முடியும் என்கிறார். தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன் தம்பி. கேள்விகளை முன்னாலேயே அனுப்பச் சொன்னார், ஒன்பதும் வேண்டுமாம்.